சிமெண்டைக் கழற்றிய மூன்று வருடம்: தாத்தா வீடும் கொல்லையும்

வேலை ஆரம்பித்தது கூடத்தின் மேற்குச் சுவரில். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு வருஷா வருஷம் உப்பு பூத்துப் பெயிண்ட் பொரிந்து விழும், அடைமழை முடிந்ததும் சுரண்டிப் புட்டி பூசி மறுபடி பெயிண்ட் அடிப்போம், அடுத்த ஐப்பசியில் திரும்பவும் அதே இடத்தில் அதே உப்பு. 2021 கடைசியில் ஐந்தாவது முறையாகச் சுரண்டிக்கொண்டிருந்தபோது சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, “இடிச்சுட்டு ரெண்டு ரூம் போட்டுத் தார்சு வீடா கட்டிடு, இன்னும் எத்தன நாளைக்கு இதோட மல்லுக்கட்டுவ” என்றார். அவர் சொன்னது அக்கறையில்தான். ஊரில் எங்கள் தெருவில் மிச்சமிருக்கும் ஓட்டு வீடுகள் மூன்றே மூன்று.

வீடு பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, பேராவூரணி போகும் பக்கம். தாத்தா 1952இல் கட்டியது. திண்ணை, ரேழி, முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், கூடம், இரண்டு அறை, அடுப்பங்கரை, அப்புறம் கொல்லை. மேட்டூர் அணை வந்து புதாறு (கல்லணைக் கால்வாய்) வெட்டினதற்குப் பிறகுதான் எங்கள் பக்கம் நெல்லும் தென்னையும் நிமிர்ந்தன, அந்தக் கொஞ்சக் காசில் கட்டின வீடு. நாட்டுச் செங்கல், சுண்ணாம்புக் காரை, பனங்கை, மேலே சீமை ஓடு. இந்தச் செங்கலைச் சுட்ட விறகு எழுபது வருஷத்துக்கு முன்பே எரிந்து முடிந்தது, மரம் அப்போதே வெட்டினது. இதை இடித்துக் குப்பையாக்கி, இன்னொரு சூளையையும் இன்னொரு சிமெண்ட் ஆலையையும் எரிய வைத்துவிட்டு, கூரை மேல் நாலு சோலார் பலகையை வைத்துப் ‘பசுமை வீடு’ என்று சொல்ல எனக்கு மனசு ஒப்பவில்லை. அதனால் இருக்கிற வீட்டையே சரிபண்ணுவது என்று முடிவெடுத்தேன்.

முதல் ஒரு மாதம் எதையும் தொடவில்லை. அம்மாவை உட்கார வைத்து எந்த வருஷம் என்ன மாற்றினோம் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதினேன். 1988இல் அப்பா சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசினார். 1994இல் சாரல் அடிக்கிறது என்று முற்றத்தை ஃபைபர் ஷீட் போட்டு மூடினோம். 1999இல் வாசல் முழுக்கச் சிமெண்ட் தளம். அதே வருஷம் போர் போட்டுவிட்டுக் கிணற்றை மறந்தோம். 2003இல் தமிழ்நாடு முழுக்க மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினபோது கூரையிலிருந்து ஒரு குழாயை இறக்கி ஒரு குழியில் விட்டோம், அதற்குப் பிறகு அந்தக் குழியை யாரும் திறந்து பார்க்கவில்லை. எழுதி முடித்துப் படித்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. வீட்டில் இப்போது இருக்கும் தொந்தரவு ஒவ்வொன்றுக்கும் இந்தப் பட்டியலில் ஒரு வருஷம் இருக்கிறது. ஓதம், புழுக்கம், வாசலில் தேங்கும் தண்ணீர், உப்பேறிய போர்த் தண்ணீர் எல்லாம் நாங்கள் சேர்த்ததால் வந்தவை. ஆக, முதலில் செய்ய வேண்டியது எடுப்பது, அப்புறம்தான் சேர்ப்பது. மூன்று வருட வேலையும் இந்த ஒரு கணக்கில்தான் நடந்தது.

2022 பிப்ரவரியில் மேற்குச் சுவரைக் கொத்தினோம். பழைய கொத்தனார் ஒருவர் பக்கத்து ஊரில் இருந்தார், எழுபது வயசுக்கு மேல். சுண்ணாம்பு வேலை தெரிந்தவர் அந்தச் சுற்றுவட்டாரத்தில் எனக்குக் கிடைத்தவர் அவர் ஒருவர்தான். சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, கீழேருந்து தண்ணி ஏறுறது எந்தச் சுவத்துலயும் இருக்கும். முன்னாடி ஏறுன தண்ணி சுண்ணாம்பு வழியா வெளிய போயிடும். நீங்க சிமெண்டப் பூசி வாய அடச்சிட்டீங்க, அது மேல மேல ஏறுது.” பாதிச் சுவர் கொத்தும்போதே அது கண்ணுக்குத் தெரிந்தது. சிமெண்டுப் பூச்சுக்குப் பின்னால் செங்கல் ஈரமாக, கையால் அமுக்கினால் மாவாக உதிர்ந்தது. சிமெண்ட் பெயரும்போது செங்கல்லின் முகத்தையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டு வந்தது, நாட்டுச் செங்கல் மெத்து, சிமெண்டு அதைவிடக் கெட்டி. அதனால் உளியைச் சாய்வாகப் பிடித்து மெதுவாகத்தான் எடுக்க வேண்டும், கடப்பாறையால் நெம்பினால் சுவர் போய்விடும். நாங்கள் முதல் நாள் அவசரப்பட்டு நெம்பினதில் ஏழெட்டு இடத்தில் குழி விழுந்தது, பின்னால் செங்கல் துண்டும் காரையும் வைத்து அடைத்தோம்.

பூச்சை எடுத்ததோடு வேலை முடியவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். வெளியே தெருவில் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் பழசைச் சுரண்டாமல் மேலேயே போட்டு, இப்போது ரோடு எங்கள் வாசலைவிட ஒன்றரை அடி உயரம். வாசல் சிமெண்ட் தளமும் வீட்டைப் பார்த்துச் சரிந்திருந்தது. மழைத்தண்ணீர் முழுக்கச் சுவர் அடியில்தான் நின்றிருக்கிறது. சுவரை ஒட்டி ஒன்றரை அடி அகலம், இரண்டடி ஆழத்துக்கு நீளமாகக் குழி எடுத்து, கொஞ்சம் வாட்டம் கொடுத்து, 40 எம்.எம். ஜல்லி கொட்டி, அதன் வால் கொல்லைப் பக்கம் போகிற மாதிரி விட்டோம். அஸ்திவாரத்துக்குக் கீழே தோண்டிவிடக் கூடாது என்பதில் கொத்தனார் மிகவும் கவனமாக இருந்தார், ஒவ்வொரு நாலடிக்கும் இறங்கிப் பார்த்தார். அந்த ஜல்லி ஓடையைப் போட்டதே பாதி ஓதத்தைத் தீர்த்தது என்று நினைக்கிறேன். சுவரைப் பூசாமல் அப்படியே மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை காய விட்டோம். வெளியே வரும் உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் மட்டும் தட்டி முறத்தில் அள்ளிக் கொட்டினோம். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். ஆறு மாதம் மொட்டைச் சுவரோடு இருப்பது வீட்டில் இருப்பவர்களுக்குக் கஷ்டம்தான், அம்மா அந்தப் பக்கம் ஒரு பழைய பாயைத் தொங்கவிட்டு வைத்திருந்தார்.

சுண்ணாம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதை எழுதி வைத்தவர்கள் குறைவு. நாங்கள் வாங்கினது கிளிஞ்சல் சுண்ணாம்பு, சுட்டது, நீற்றாதது, அதாவது இன்னும் தண்ணீர் விடாதது. பெயிண்ட் கடையில் பாக்கெட்டில் கிடைக்கும் தூள் வெள்ளையடிக்கத்தான் ஆகும். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டதும் கொதிக்கும், உண்மையாகவே சோற்றுப் பானை மாதிரி தளபுளவென்று கொதிக்கும். முதல் தடவை நான் நீலப் பிளாஸ்டிக் டிரம்மில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன், சூட்டில் டிரம் இளகிப் பக்கவாட்டில் புடைத்துச் சாய்ந்தது, பக்கத்தில் நின்ற சித்தாள் காலில் தெறித்து முழங்காலுக்குக் கீழே கொப்பளம். உடனே கிணற்றடியில் உட்கார வைத்து அரை மணி நேரம் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்து, அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். கண்ணில் பட்டிருந்தால் பார்வையே போயிருக்கும். அந்தத் தப்பை யாரும் செய்ய வேண்டாம். மண்ணில் குழி வெட்டி, செங்கல் பரப்பி, அதில் முதலில் தண்ணீர் நிரப்பிவிட்டுச் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கண்ணாடி, கையுறை, பூட்ஸ் கட்டாயம். பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது.

நீற்றின சுண்ணாம்பை மேலே நாலு விரற்கடைத் தண்ணீர் நிற்கிற மாதிரி ஒரு மாதம் ஊற விட்டோம். ஊற ஊற அது வெண்ணெய் மாதிரி ஆகிறது, விரலில் எடுத்துத் தேய்த்தால் திப்பி எதுவும் தட்டுப்படக் கூடாது. இன்னொரு பக்கம் இரண்டு கிலோ கடுக்காயை உடைத்து, இரண்டு கிலோ வெல்லம் சேர்த்து, ஐம்பது லிட்டர் தண்ணீரில் ஒரு வாரம் புளிக்க வைத்தோம். தெரு முழுக்க அந்தப் புளிச்ச வாடை. ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு சலித்த ஆற்று மணல், கலக்கும் தண்ணீர் முழுக்க அந்தக் கடுக்காய்த் தண்ணீர். கொத்தனார் கலவையைக் கரணையில் எடுத்துத் தலைகீழாகப் பிடிப்பார், விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் பதம்.

பூச்சு மெல்லிசாகத்தான் போட வேண்டும், ஒரு கோட்டுக்கு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். சிமெண்டு தண்ணீரோடு சேர்ந்து இறுகும், சுண்ணாம்போ காற்றிலிருக்கும் கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துத் திரும்பவும் கல்லாகிறது, கனமாக அப்பினால் உள்ளே காற்று போகாமல் மெத்தென்றே கிடக்கும். முதல் பூச்சுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் பத்து நாள் விட்டோம். காலையிலும் சாயங்காலமும் தண்ணீர் தெளிக்க வேண்டும், வெயில் நேராகப் படாமல் ஈரச் சாக்கு கட்ட வேண்டும். ஒரு பக்கத்தில் சாக்கு காற்றில் விலகி ஒரே மத்தியானத்தில் மயிரிழை விரிசல் ஓடிவிட்டது, அந்த இடத்தைக் கொத்தித் திரும்பப் பூசினோம். மேலே பெயிண்ட் எதுவும் இல்லை, சுண்ணாம்பு வெள்ளை மட்டும். இந்தச் சுவர் இப்போது மூன்று ஐப்பசியைப் பார்த்துவிட்டது. மழை நாளில் அடியில் ஓரடிக்குக் கொஞ்சம் நிறம் மங்கும், தை பிறந்து வெயில் வந்ததும் தானாகக் காய்ந்துவிடும். உப்பு பூக்கவில்லை. இதற்கு நடுவில் ஒரு கடைக்காரர் ‘ஓதம் புகாத’ பெயிண்ட் என்று ஒன்றை அறைச் சுவருக்கு அடித்துவிடச் சொல்லி, அதற்கு 9,000 ரூபாய் போனது, எட்டு மாதத்தில் தோல் மாதிரி உரிந்து வந்தது. ஈரம் உள்ளே இருக்கும்போது மேலே எதைப் பூசினாலும் உரியத்தான் செய்யும்.

கூரைக்கு வருகிறேன். 2023 மாசி, பங்குனியில் ஓட்டைப் பிரித்தோம். கூரைப் பரப்பு சுமார் 130 சதுர மீட்டர், ஓடு ஏறத்தாழ 2,000. ஒவ்வொன்றாக இறக்கி, பாசியைத் தென்னை மட்டை நாரால் தேய்த்து, விரலால் சுண்டிப் பார்த்தோம், மணி மாதிரி ஒலித்தால் நல்ல ஓடு, மொட்டையாக ஒலித்தால் விரிசல். 180 ஓடு மட்டும்தான் கழிந்தது. ஓடுகளின் முதுகில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனின் முத்திரையும் 1865 என்ற எண்ணும் இருந்தன. நாங்கள் எல்லாரும் ஓடு அந்த வருஷத்தது என்று ஆச்சரியப்பட்டோம், ஆனால் 1865 என்பது மங்களூரில் அந்த ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்த வருஷம். இருந்தாலும் இன்னொன்று இருக்கிறது. முதல் உலகப் போரோடு அந்தத் தொழிற்சாலை மிஷன் கையை விட்டுப் போய்விட்டது. 1952இல் கட்டின வீட்டில் மிஷன் முத்திரை இருக்கிறதென்றால், தாத்தா யாரோ இடித்த வீட்டு ஓட்டைத்தான் வாங்கிப் போட்டிருக்கிறார். அம்மாவிடம் சொன்னேன். “உங்க தாத்தா புது ஆணியே வாங்க மாட்டாரு, வளஞ்சதத் தட்டி நிமித்துவாரு” என்றார். குறைந்த 180 ஓட்டையும் நான் ஒரத்தநாட்டுப் பக்கம் இடித்த ஒரு வீட்டிலிருந்து வாங்கினேன்.

கூரையின் இரண்டு சாய்வு சேரும் கூடல்வாய் இரண்டிலும் பழைய தகரம் இற்றுப் போயிருந்தது, ஒழுகின எல்லாமே அங்கேதான். ஓடு மாற்றும் ஆள் வந்தால் முதலில் கூடல்வாயைப் பார்க்கச் சொல்லுங்கள், நடுக்கூரையில் ஒழுகுகிற மாதிரி தெரிவதும் பெரும்பாலும் அங்கிருந்து கைமரத்தில் வழிந்து வருவதுதான். பனங்கை இரண்டில் கரையான், அவற்றை மட்டும் மாற்றினோம், ரீப்பர் பாதி புதுசு. முற்றத்து ஃபைபர் ஷீட்டைக் கழற்றின அன்று வீட்டுக்குள் வெளிச்சம் வந்த விதத்தை எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அம்மா ரொம்ப நேரம் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்திருந்தார். பூனைக்கும் குரங்குக்கும் கம்பி வலை போட்டோம், சாரலுக்குச் சுருட்டி இறக்குகிற மூங்கில் தட்டி. ஒரு சாதாரண வெப்பமானி வாங்கிக் கூடத்தில் மாட்டி எழுதி வந்தேன். ஷீட் இருந்த 2022 மே மாதம் மத்தியானம் 2 மணிக்கு 37 டிகிரி வரை போன கூடம், 2023 மேயில் 34ஐத் தாண்டவில்லை. வெயிலும் வருஷத்துக்கு வருஷம் மாறும், ஆகவே முழுப் பெருமையையும் முற்றத்துக்கே கொடுக்க மாட்டேன், ஆனால் சூடான காற்று மேலே போக வழி இருந்தால் திண்ணைப் பக்கக் காற்று உள்ளே இழுபடுவது உடம்புக்கே தெரிகிறது.

கூரையைத் தொட்ட கையோடு மழைத்தண்ணீர். 1 சதுர மீட்டரில் 1 மில்லி மீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர், இந்தக் கணக்கு ஒன்று தெரிந்தால் போதும். எங்கள் கூரையில் கொல்லைப் பக்கம் சாயும் பாதியைத்தான், அதாவது 65 சதுர மீட்டரைத்தான் பிடிக்க முடிந்தது. எங்கள் பக்கம் வருஷத்துக்கு 1,000 மி.மீ. என்று வைத்து, சிந்தல் சிதறலுக்கு ஐந்தில் ஒரு பங்கு கழித்தால் 52,000 லிட்டர். அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டிவிடும், தொட்டி கட்டிச் சேர்க்க எங்களால் முடியாது, கிணற்றுக்குள் விடுவதுதான் வழி.

2003இல் போட்ட குழியைத் திறந்தால் உள்ளே முழுக்கச் சேறும் வேப்பஞ்சருகும். குழாய் பாதியிலேயே அடைத்திருந்தது. அதை விட்டுவிட்டுப் புதிதாகச் செய்தோம். இறவானத்துக்குத் தகரம் வாங்கவில்லை, 6 அங்குல பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பிளந்து இரும்புக் கொக்கியில் மாட்டினோம், பத்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம். முதல் மழையில் கூரையின் தூசி, காக்காய் எச்சம், பல்லி எல்லாம் வரும், அதைக் கிணற்றுக்கு விடக் கூடாது. அதற்காக இறங்கு குழாயில் மூன்று வாய் உள்ள ‘டீ’ இணைப்பு ஒன்றைப் போட்டு, கீழே மூடி வைத்த குழாய் ஒன்றைச் செங்குத்தாகத் தொங்கவிட்டோம், அழுக்குத் தண்ணீர் முதலில் அது நிறையும் வரை அதற்குள் போகும், நிறைந்த பிறகு வரும் தண்ணீர்தான் வடிகட்டிக்குப் போகும். நான் முதலில் போட்டது 4 அங்குலக் குழாய், பத்தடி நீளம். அது பிடிப்பது 24 லிட்டர்தான். 65 சதுர மீட்டர் கூரையின் முதல் 1 மி.மீ. மழையே 65 லிட்டர். அந்த வருஷம் கிணற்றுத் தண்ணீர் இரண்டு வாரம் கலங்கலாக, சருகு வாடையோடு இருந்தது. அடுத்த வருஷம் 6 அங்குலக் குழாய்க்கு மாற்றினேன், அதே பத்தடி 55 லிட்டர் பிடிக்கிறது. அடி மூடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டு வைத்தால் மழை விட்டதும் தானாகச் சொட்டிக் காலியாகிவிடும், இல்லையென்றால் திறக்க மறந்து அதிலேயே கொசு முட்டையிடும்.

வடிகட்டி மூன்றடிக்கு மூன்றடி, நாலடி ஆழச் செங்கல் தொட்டி. அடியில் பெரிய ஜல்லி, அதன் மேல் சின்ன ஜல்லி, நடுவில் ஒரு வலைக்குள் கரி, மேலே மணல். வருஷம் ஒரு முறை ஆவணியில் மேல் மணலை ஓரடி எடுத்துக் கழுவிப் போட வேண்டும், இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டால் இதுவும் 2003 குழி மாதிரிதான் ஆகும். கழிப்பறைத் தொட்டி கிணற்றுக்கு 20 மீட்டர் தள்ளித்தான் இருக்கிறது, அது இல்லையென்றால் நான் கிணற்றுக்குள் தண்ணீர் விட ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டேன். உறைக்கிணறு, 28 அடி. 2022 வைகாசியில் அடியில் இரண்டடித் தண்ணீர், 2025 வைகாசியில் ஆறடி. குடிக்க இன்னும் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம். ஆனால் பருப்பு வேகிறது. போர்த் தண்ணீரில் ஒரு மணி நேரம் வேகாத துவரம்பருப்பு கிணற்றுத் தண்ணீரில் இருபது நிமிஷத்தில் குழைகிறது, அம்மா எல்லாரிடமும் சொல்லும் ஒரே விஷயம் இதுதான்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. பழைய ஒயரிங்கில் எர்த்தே இல்லை, அதை முழுக்க மாற்றி எர்த் குழி எடுத்து, மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வைத்தோம், இது சிக்கனத்துக்காக அல்ல, உயிருக்காக. ஐந்து ஃபேனையும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேனாக மாற்றினோம், 75 வாட் இழுத்தது இப்போது 28. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதக் கணக்கில் 141 யூனிட் குறைகிறது. அதற்குப் பிறகு 2024இல் பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட் போட்டோம், மானியம் 60,000 வந்தது. ஓட்டுக் கூரை மேல் வைக்கவில்லை, பின்னால் அடுப்பங்கரையை ஒட்டின சின்னத் தளத்தின் மேல்தான். நாலு மணிக்கு மேல் மாமர நிழல் விழுகிறது. போட வந்தவர்கள் கிளையை வெட்டிவிடலாம் என்றார்கள், வேண்டாம் என்றுவிட்டேன், ஒரு யூனிட் குறைந்தால் குறையட்டும், அந்த மரம்தான் மேற்கு வெயிலை வீட்டின் மேல் விழாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கொல்லைக் கதை 2018 நவம்பர் 16ஆம் தேதி விடியற்காலையில் ஆரம்பிக்கிறது. கஜா புயலில் எங்கள் 46 தென்னையில் 35 விழுந்தன, நின்ற 11இலும் மூன்று தலை முறிந்து கிடந்தன. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒரு எண்ணிக்கை இருக்கும், யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வார்கள். விழுந்த மரத்தை வாங்க ஆளில்லாமல் பாதியைக் கொல்லை மூலையில் அப்படியே போட்டு வைத்திருந்தோம். 2022இல் புதுக் கன்று வைத்தபோது, அந்தக் கட்டைகள் மக்கி எருவாகும், மூடாக்குக்கு ஆகும் என்று நினைத்து நானும் எடுக்கவில்லை. எட்டு மாதத்தில் கன்றுகளின் குருத்து கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி முக்கோணமாக விரிந்தது. காண்டாமிருக வண்டு. மக்கிக்கொண்டிருந்த கட்டையைப் புரட்டினால் உள்ளே கட்டை விரல் கனத்தில் வெள்ளைப் புழுக்கள், ஒரு கட்டையிலேயே நாற்பதுக்கு மேல் எண்ணினேன். அதன் இனப்பெருக்கத்துக்கு நானே இடம் கொடுத்து வைத்திருந்தேன். 14 கன்றில் மூன்று போய்விட்டது.

கட்டைகளைப் பிளந்து காய வைத்து விறகாக்கினோம். எருக்குழியில் மெட்டாரைசியம் பூஞ்சாணம் கலந்தோம், அது புழுவைப் பிடித்துப் பச்சையாகப் பூத்துக் கொல்லும். கன்றுகளின் உள் மட்டை மூன்றின் இடுக்கில் ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளும் இரண்டு பங்கு மணலுமாகக் கலந்து 150 கிராம் போட்டோம், குருத்தில் ஓட்டை தெரிந்தால் கம்பிக் கொக்கியால் வண்டைக் குத்தி எடுத்தோம். ஒரு வருஷம் இதை விடாமல் செய்த பிறகு தாக்குதல் அடங்கியது. எனவே கொல்லையை இயற்கையாக வைப்பது என்றால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிடுவது என்று நினைக்க வேண்டாம், எது எங்கே மக்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

திரும்பவும் முழுக்கத் தென்னை வைக்கவில்லை. 25 அடி இடைவெளி விட்டு, நடுவில் நாட்டு வாழை, நார்த்தை, கொய்யா, ஓரத்தில் முருங்கை, நிழலில் கருணையும் சேம்பும். வேலி கிளுவை, போத்து ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். தென்னையடியில் தேங்காய் மட்டையைக் குழிந்த பக்கம் வானத்தைப் பார்க்கும்படி இரண்டு அடுக்காகப் புதைத்தோம், மழைத்தண்ணீரைக் கிண்ணம் மாதிரி பிடித்து வைக்கும். இப்படிச் செய்த மரங்களுக்கு இரண்டு நாளைக்கு ஒரு முறை விட்ட தண்ணீரை ஐந்து நாளைக்கு ஒரு முறை விடுகிறேன், இலை வாடவில்லை.

குளிக்கிற தண்ணீர், துணி துவைக்கிற தண்ணீர் முன்பு தெருச் சாக்கடைக்குப் போனது. இப்போது கொல்லையில் ஆறடி அகலம் மூன்றடி ஆழத்துக்கு வட்டக் குழி எடுத்து, மட்டையும் சருகும் கிளையும் மேடாக நிரப்பி, கரையைச் சுற்றி ஆறு வாழை, இரண்டு பப்பாளி, இடையில் கல்வாழை. தண்ணீர் குழிக்குள் சருகுக்கு அடியில் போய் விழுகிறது, மேலே தேங்குவதில்லை, நாற்றம் இல்லை. அடுப்பங்கரைத் தண்ணீரை அதில் விட்டபோதுதான் எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்து ஒரு மாதத்தில் அடைத்துக்கொண்டது. அதற்கு மட்டும் முன்னால் ஒரு வாளியில் தேங்காய் நார் வைத்து வடித்து விடுகிறோம், நாரை வாரத்துக்கு ஒரு முறை எடுத்து எருக்குழியில் போட வேண்டும். துணி சோப்புத் தூளையும் குறைத்தோம், தூள் அதிகம் போன மாதம் வாழை இலை ஓரம் கருகுவதைப் பார்த்துக் கண்டுபிடித்தது.

வாசல் சிமெண்டை உடைப்பதில்தான் அம்மாவுக்கும் எனக்கும் நிஜமான சண்டை. “மண்ணாக்கிட்டா மழையில கோலம் எங்க போடுவேன்?” என்றார். அவர் கேட்டது நியாயம். கடைசியில் படிக்கு நேரே எட்டடிக்கு எட்டடி இடத்தில் மட்டும் செம்மண்ணையும் சுண்ணாம்பையும் கலந்து திம்சு போட்டு இடித்துக் கெட்டித் தரையாக்கினோம், தினமும் சாணம் தெளிக்கத் தெளிக்க அது இன்னும் இறுகிக்கொண்டே வருகிறது. மற்ற இடத்தில் உடைந்த 180 ஓட்டையும் நெட்டுக்குத்தாக நட்டு இடையில் மணல். ரோட்டிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர் அதில் கால் மணி நேரத்தில் உறிஞ்சிப் போகிறது.

மூன்று வருஷத்தில் மானியம் போக 4 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் ஆயிற்று, ஒரே மூச்சில் அல்ல, ஒவ்வொரு அறுவடைக்கும் ஒவ்வொரு வேலையாக. சித்தப்பா போன பொங்கலுக்கு வந்தபோது கூடத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை, சாயங்காலம் தன் வீட்டு அறைச் சுவரில் உப்பு பூக்கிறது என்று அந்தக் கொத்தனாரின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

வடக்குச் சுவர் இன்னும் பாக்கி. வைகாசியில் சிமெண்டைக் கொத்தி எடுத்தாயிற்று, காய்ந்துகொண்டிருக்கிறது. குழியில் சுண்ணாம்பு ஊறுகிறது. கொத்தனாருக்கு இப்போது முட்டி வலி, சாரத்தில் ஏற முடியாது, கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லுகிறேன் என்று சொல்லியிருக்கிறார், காலில் கொப்பளம் வந்த அந்தச் சித்தாள்தான் இந்த முறை கரணை பிடிக்கப் போகிறார்.